ஞாயிறு பதினொரு மணிக்கு அப்பா அம்மாவை எங்கே கூட்டிப்போவது?

ஓஎம்ஆர்_ஓரம்:
போன மாதம் நடந்தது, இன்னும் உறுத்துகிறது. அம்மாவும் அப்பாவும் தென்காசியிலிருந்து சென்னைக்கு வந்திருந்தார்கள். ஒரு ஞாயிறாவது பெரிய ஓட்டலில் சாப்பிடட்டுமே என்று நட்சத்திர ஓட்டல் ஒன்றில் பிரஞ்ச் (brunch) பதிவு செய்தேன். ஆளுக்கு 2,500, ‘பிளஸ் பிளஸ்’. பிரஞ்ச் என்றால் காலைக்கும் மதியத்துக்கும் நடுவே என்றுதான் நினைத்திருந்தேன். பன்னிரண்டரைக்குத்தான் கதவையே திறப்பார்கள் என்பதைப் பணம் கட்டிய பிறகுதான் பார்த்தேன். சரி, வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போனால்தானே கொடுத்த காசுக்குச் சாப்பிட முடியும் என்று, காலையில் இட்லி ஊற்றப் போன அம்மாவைத் தடுத்ததும் நான்தான்.

பன்னிரண்டுக்கே போய் லாபியில் உட்கார்ந்தோம். போனிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் அப்பாவைக் காணோம். பெரிய பூஜாடிக்கு அந்தப் பக்கம், சுவரைப் பார்த்து நின்றபடி, சட்டைப் பையிலிருந்து மேரி பிஸ்கட்டை ஒவ்வொன்றாக எடுத்து மென்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பாக்கெட்டை மடித்து உள்ளே வைத்துவிட்டார். அவருக்குச் சர்க்கரை. எட்டு மணிக்கே மாத்திரை போட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்த விஷயம்தான், மறந்துவிட்டேன்.

உள்ளே அவர் சாப்பிட்டது இரண்டு ஆப்பமும் கொஞ்சம் தயிர்சாதமும். தீபாவளிக்கு மறுபடி வருகிறார்கள். பத்தரை, பதினொரு மணிக்கு, யாரும் விரட்டாமல் உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் சொல்லுங்கள். அம்மாவுக்கு முட்டிவலி, மாடி ஏற மாட்டார்.

திருவல்லிக்கேணிக்காரன்:
ரத்னா கஃபே, வேறென்ன? 1948-இல் வடநாட்டுக் குடும்பம் ஒன்று ஆரம்பித்த கடை, பேர் வாங்கியதோ சாம்பார் இட்லியில். வெளியூர்க்காரர்களுக்கு இது சொன்னால் நம்பிக்கை வராது.

என் மாமனார் ஓட்டல் சாம்பாரைத் தொடவே மாட்டார், பருப்பைக் கண்ணில் காட்டுவதில்லை என்பார். ஒரு ஞாயிறு கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனேன். சாம்பார் ஊற்றுபவர் வந்தார், ஊற்றினார். மாமனார் போதும் என்று கையைக் காட்ட, அவர் நிறுத்தவில்லை. “இட்லி முழுகணும் சார், அப்பதான் கணக்கு” என்றார். மாமனார் ஒன்றும் பேசவில்லை. மூன்றாவது தடவை அவரே விரலைத் தூக்கிக் கூப்பிட்டார். வீட்டுக்கு வந்து, மாமியாரிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

வடைமாலை:
திருவல்லிக்கேணி அண்ணே, அவர் கேட்டது நிம்மதியாக உட்கார இடம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தீர்களா? சாம்பார் முழுகலாம், அப்பா அம்மாவும் கூட்டத்தில் முழுகிவிடுவார்கள்.

இந்த ஊரில் டிபன் சாப்பிடுவது என்றால் முதுகுக்குப் பின்னால் ஒரு குடும்பம் நிற்கும். மயிலாப்பூர் சந்து ஒன்றில் எனக்கு நடந்தது. பொங்கல் முடித்து, கடைசி வடையை ஆற அமரத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நாற்காலிக்குப் பின்னால் ஐந்து வயதுப் பெண் குழந்தை. “அம்மா, இந்த மாமா இன்னும் பாதி வடை வெச்சிருக்காரு” என்று சத்தமாகச் சொல்லிவிட்டது. சுற்றியிருந்த அத்தனை இலையும் என்னைத் திரும்பிப் பார்த்தன. காபி சொல்லியிருந்ததையே மறந்து எழுந்துவிட்டேன். காபிக்குக் காசும் கொடுத்தேன்.

இன்னொன்று. பிரஞ்ச் ஏதோ புதுசு போலப் பேசுகிறோம். அந்த வார்த்தைதான் 1895-இல் இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றில் வந்தது. என் தாத்தா ஒன்பதரைக்கு முழுச் சாப்பாடு சாப்பிட்டு ஆபீஸ் போவார், மூன்று மணிக்கு டிபன். பிரஞ்ச் இல்லாமல் அது என்னவாம்?

கணக்குப்பிள்ளை:
எனக்கும் இதே அனுபவம், வேறு ஓட்டல். மனைவி பிறந்தநாள். பில் வந்ததும் அவள் முகம் மாறியது, அதுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. அதை விடுங்கள், ‘பிளஸ் பிளஸ்’ பற்றிச் சொல்கிறேன்.

உங்கள் மூன்று பேருக்கு 7,500. முதல் பிளஸ் சேவைக் கட்டணம், பெரும்பாலும் 10 சதவீதம், ஆக 8,250. இரண்டாவது பிளஸ் ஜிஎஸ்டி. சாதாரண உணவகத்தில் 5 சதவீதம்தான். நட்சத்திர ஓட்டலுக்குள் என்றால், அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் இடங்களில், 18 சதவீதம். அதையும் சேவைக் கட்டணத்தைச் சேர்த்த தொகைக்கே போடுவார்கள், ஆக மொத்தம் 9,735. ஜிஎஸ்டியைத் தவிர்க்க முடியாது. ஆனால் சேவைக் கட்டணம் கட்டாயமில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். முன்பதிவு செய்யும்போதே கேட்பது இன்னும் நல்லது, மேஜையில் உட்கார்ந்து வாதாடினால் வீட்டு ஆட்கள் நெளிவார்கள். நான் வாதாடினேன். முகம் மாறியது அப்போதுதான் என்று மனைவி இப்போது சொல்கிறாள்.

சைதாப்பேட்டை_ஞாயிறு:
ஐயா, அவர் பில்லைப் பற்றிக் கேட்கவே இல்லையே!

எங்கள் பேட்டைக்கு வாருங்கள். செட் தோசை, வடகறி. கடலைப்பருப்பு அரைத்த வடையை உதிர்த்துப் போட்ட குழம்புக்கு ஐந்து நட்சத்திரம் தேவையில்லை. ஆனால் பதினொரு மணி என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. ஒரு ஞாயிறு பத்தே முக்காலுக்குப் போனேன், ‘தீந்துபோச்சு தம்பி’ என்றார் கடைக்காரர். நான் நின்ற நிலையைப் பார்த்து, தனக்கென்று மூடி வைத்திருந்த கிண்ணத்திலிருந்து இரண்டு கரண்டி எடுத்து ஊற்றினார். காசு வாங்கவில்லை. அதன் பிறகு அந்தக் கடைக்கு எட்டு மணிக்கு முன்னாலேயே போகிறேன், அவருடைய பங்கில் கை வைக்கக் கூடாது என்று.

பெங்களூர்த்_தமிழச்சி:
இங்கே லால்பாக் சாலை எம்டிஆரிலும் அதே கதைதான். 1924-இல் தொடங்கிய கடை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது ரவையை வைத்து இட்லி செய்தோம் என்பார்கள். ஞாயிறு போனால் பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். என் பெயரைக் கூப்பிட்டபோது நான் தூங்கிப்போயிருந்தேன், பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பாட்டி தொடையில் தட்டி எழுப்பினார். ரவா இட்லியை விட அந்தத் தட்டுதான் ஞாபகம் இருக்கிறது.

நான் நர்ஸ், அதனால் ஒன்று. உங்கள் அப்பா பிஸ்கட் சாப்பிட்டது சரிதான். சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். பையில் பிஸ்கட் வைத்திருக்கிறார் என்றால் அவருக்குப் பழக்கம் இருக்கிறது. அவரை ஒளிந்து சாப்பிட விடாதீர்கள், அவ்வளவுதான்.

ஓஎம்ஆர்_ஓரம்:
எல்லோருக்கும் நன்றி. கணக்குப்பிள்ளை சார், நானும் அந்த 9,735-ஐத்தான் கட்டினேன், கேட்கத் தெரியவில்லை.

நேற்று போனில் அப்பாவிடம் தீபாவளிக்கு எங்கே போகலாம் என்றேன். “எட்டு மணிக்குத் திறக்கிற கடையாப் பாருப்பா” என்றார். பிஸ்கட்டைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதனால் பதினொரு மணியை விட்டுவிட்டேன்.

திருவல்லிக்கேணி அண்ணே, ஏழரைக்கே வந்துவிட்டால் கூட்டம் எப்படி இருக்கும்? வாசலில் எத்தனை படி?