'1917' படத்தில் வரும் அந்த ஒற்றை சீக்கியர்

முன்வரிசை:
முதல் உலகப் போரைப் பற்றிய சாம் மெண்டிஸின் '1917' படத்தை மறுபடியும் பார்த்தேன். செய்தி கொண்டுபோகும் நாயகன் ஸ்கோஃபீல்டு வழியில் ஏறும் லாரியில் ஆங்கிலேயச் சிப்பாய்களுக்கு நடுவே தலைப்பாகையோடு ஒரு சீக்கியர் இருப்பார். லாரி சேற்றில் சிக்கியதும் எல்லோரும் இறங்கித் தள்ளுவார்கள். அதற்கு மேல் அவருக்குப் பெரிய வேலை இல்லை. 2020 ஜனவரியில் ஒரு பிரிட்டிஷ் நடிகர் இது திணிப்பு என்கிற மாதிரி பேசி, பிறகு மன்னிப்புக் கேட்டார். என் நண்பரும் அதையேதான் சொல்கிறார். உண்மையில் அப்படி ஒருவர் அங்கே இருந்திருக்க முடியுமா?

பழையவரைபடம்:
பிரான்ஸில் சீக்கியர்கள் இருந்தார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். 1915 மார்ச்சில் பிரான்ஸின் நவ் ஷாப்பெல் என்ற ஊரில் நடந்த சண்டையில் இந்தியப் படை பெரிய அளவில் இறங்கியது. அந்த ஆண்டு முடிவில் இந்தியக் காலாட்படைப் பிரிவுகளை மெசபடோமியாவுக்கு (இன்றைய இராக்) அனுப்பிவிட்டார்கள். குதிரைப்படை மட்டும் 1918 தொடக்கம் வரை பிரான்ஸிலேயே இருந்தது. படத்தின் கதை நடப்பது 1917 ஏப்ரல் 6. ஆக, சீக்கியர் இருப்பது தவறில்லை. ஆங்கிலேயக் காலாட்படை லாரியில் தனியாளாக இருப்பதுதான் அபூர்வம்.

சுண்ணக்கட்டி:
கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். 'இருந்திருக்க முடியுமா' என்ற கேள்வியோடு நாம் நின்றுவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கோபிந்த் சிங் என்று ஒரு குதிரைப்படை வீரர், ராஜஸ்தானின் நாகோர் பக்கத்துக்காரர். அதே 1917இல், டிசம்பர் 1ஆம் தேதி, பிரான்ஸில் நடந்த கம்ப்ரே சண்டையின்போது ரெஜிமெண்டுக்கும் பிரிகேடு தலைமையகத்துக்கும் இடையே மூன்று முறை செய்தி கொண்டுபோனார். ஒன்றரை மைல் வெட்டவெளி, முழுக்க ஜெர்மானியர்களின் குண்டு வீச்சு. மூன்று முறையும் அவர் குதிரை சுடப்பட்டது; மூன்று முறையும் மீதி வழியை நடந்தே போய்ச் சேர்ந்தார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். செய்தி சுமந்து ஓடுகிறவனின் கதைதானே இந்தப் படம்? அப்படிப்பட்ட ஒருவர் நிஜத்திலேயே இருக்க, நம் ஆளுக்கு லாரியில் ஒரு ஓரம் கிடைத்ததற்கே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

'இண்டிஜேன்' என்ற 2006 பிரெஞ்சுப் படத்தைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸுக்காகச் சண்டையிட்ட வட ஆப்பிரிக்க வீரர்கள்தான் அதன் நாயகர்கள். ஆப்பிரிக்க வீரர்களுக்குத் தக்காளி கிடையாது என்று சொல்லும் இடத்தில் ஒரு தகராறு வரும். அந்த ஒரு காட்சியிலேயே ராணுவத்தில் அவர்களுக்கு என்ன மதிப்பு என்பது விளங்கிவிடும். படத்தின் முக்கிய நடிகர்கள் ஐந்து பேருக்கும் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதைச் சேர்த்தே கொடுத்தார்கள். அப்புறம் முக்கியமான விஷயம்: முன்னாள் காலனி வீரர்களின் ஓய்வூதியத்தை பிரான்ஸ் 1959இலிருந்து உயர்த்தாமல் முடக்கி வைத்திருந்தது. படத்தைப் பார்த்த அதிபர் ஷிராக், 2006 செப்டம்பரில் அதை பிரெஞ்சு வீரர்களின் தொகைக்கு இணையாக்க முடிவு செய்தார். சுமார் 80,000 பேருக்கு அதனால் பலன்.

பழையவரைபடம்:
ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஒரு விஷயம். '1917' இரண்டு ஆங்கிலேயச் சிப்பாய்களோடு பிரியாமல் போகிற படம். அதில் எல்லோருக்கும் கதை கொடுக்க முடியாது.

சுண்ணக்கட்டி:
சரிதான், அந்தப் படத்தை மாற்றச் சொல்லவில்லை. கோபிந்த் சிங்கை வைத்துத் தனியாகவே ஒரு படம் எடுக்கலாம் என்கிறேன். அதை எடுக்க மெண்டிஸ் வர வேண்டியதில்லை. இங்கேயே திறமையான இயக்குநர்கள் இருக்கிறார்கள்.

முன்வரிசை:
நன்றி சார். இந்த மறுமொழிகளை நண்பருக்கு அப்படியே அனுப்புகிறேன். இந்த வாரம் 'இண்டிஜேன்' பார்த்துவிடுகிறோம்.