தேடுதுணை, குறியிட்ட காப்பக விவரிப்பு: இரண்டு பரிந்துரைகள்

நண்பர்களுக்கு வணக்கம்.

காப்பகத் துறையின் ‘ஃபைண்டிங் எய்ட்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில் ‘சுட்டி’, ‘அட்டவணை’ என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. இரண்டும் போதாது என்பது என் கருத்து. ஒருவருடைய தாள்கள் காப்பகத்துக்கு எப்படி வந்தன, அவர் யார், தாள்கள் எந்த ஒழுங்கில் இருக்கின்றன, எந்தப் பெட்டியில் எந்த உறை என்று எல்லாவற்றையும் சொல்லும் ஆவணம் அது. ‘தேடுதுணை’ எனலாமே? தேடுபொறி பழகிய காதுக்கு உறுத்தாது. தேடுதுணைக் கோப்பு, தேடுதுணையாக்கம் என்று நீட்டவும் வரும்.

அப்புறம் ஈ.ஏ.டி. (என்கோடெட் ஆர்க்கைவல் டிஸ்கிரிப்ஷன்), அதாவது தேடுதுணையைக் கணினிக்கு ஏற்ப எழுதுவதற்கான தரம். இதிலுள்ள ‘என்கோடெட்’டைக் ‘குறியாக்கிய’ என்று எழுதினால் யூனிகோடு, டிஸ்கி போன்ற எழுத்துக் குறியாக்கங்கள்தான் நினைவுக்கு வரும். இங்கே நடப்பது வேறு. 1993இல் பெர்க்லியில், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக நூலகத்தில் டேனியல் பிட்டி தலைமையில் வேலை தொடங்கியபோது, நூல்பட்டியல் பதிவுகளுக்கு நூலகங்கள் பயன்படுத்தும் மார்க் வடிவத்தையும் பரிசீலித்தார்கள். தேடுதுணையின் படிநிலைகள் அதற்குள் அடங்கவில்லை. அதனால் எஸ்.ஜி.எம்.எல். என்ற குறியீட்டு மொழியின் பக்கம் போய், குறிச்சொற்களால் உரையைக் குறியிட்டார்கள். 1998இன் முதல் பதிப்பிலிருந்து 2015இன் மூன்றாம் பதிப்புவரை அடிப்படை இப்படிக் குறியிடுவதுதான். ஆகவே ‘குறியிட்ட காப்பக விவரிப்பு’ என்பதே பொருந்தும்.

பழைய தேடுதுணைகளை ஈ.ஏ.டி.க்கு மாற்றும்போது இதன் பயன் தெரியும். தட்டச்சுத் தாளில் “கடிதங்கள், 1920களின் தொடக்கம்” என்று ஒரு வரி, நாலு எழுத்து உள்ளே தள்ளி இருக்கும். யாருடைய கடிதங்கள் என்பது மேலே உள்ள தலைப்பில்தான் இருக்கும். எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) சொற்களை எடுத்துத் தந்துவிடும். உள்தள்ளல் கலைந்துபோனால் அந்த வரி அநாதை. ஈ.ஏ.டி.யில் அந்த வரி ஒரு ‘காம்பொனென்ட்’, அதாவது விவரிப்பின் ஒரு பகுதி. மேல்நிலைக்குள்ளேயே பொதிந்திருப்பதால் மேலே சொன்ன விவரம் இதற்கும் செல்லும். காலத்தையும் வாசகருக்கு அப்படியே விட்டுவிட்டு, கணினிக்கென்று 1920/1923 என்பதுபோல் ஒரு பண்பாக (குறிச்சொல்லுக்குள் எழுதும் கூடுதல் விவரமாக) தனியே தரலாம். அந்த வீச்சை மனிதர்தான் தீர்மானிக்க வேண்டும். மாற்றும் வேலையில் பொறுமை தேவைப்படுவது இந்த இடங்களில்தான்.

‘காம்பொனென்ட்’டுக்குக் ‘கூறு’ போதும். ஒன்றாகச் சேர்த்து வைத்த ஆவணத் தொகுதியைக் குறிக்கும் ‘சீரீஸ்’தான் இடிக்கிறது: ‘தொடர்’ என்றால் தொலைக்காட்சித் தொடர் குறுக்கே வருகிறது. ‘வரிசை’ ஒத்துவருமா? காப்பகத்தில் வேலை செய்பவர்கள் சொல்லுங்கள்.