மோக்கா வழக்கில் தம்பிக்குத் தண்டனை: மேல்முறையீட்டுக்கு உதவி வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் தாராவியில் இருக்கிறோம், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மும்பை சிறப்பு நீதிமன்றம் என் தம்பிக்கு மோக்கா சட்டத்தில் (கும்பலாகச் செய்யும் திட்டமிட்ட குற்றங்களுக்கான மகாராஷ்டிரா சட்டம்) 7 வருடம் சிறை, 5 லட்சம் ரூபாய் அபராதம் போட்டுவிட்டது. இந்தச் சட்டத்தின் பெரும்பாலான பிரிவுகளில் குறைந்தபட்ச அபராதமே அவ்வளவாம். அப்பாவுக்கு இட்லிக் கடை, அவ்வளவுதான் எங்கள் வருமானம்.

உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் அவகாசம். அதில் 11 நாள் போயாச்சு. பழைய வக்கீல் போனையே எடுப்பதில்லை.

தீர்ப்பை உட்கார்ந்து படித்தேன். தம்பி மேல் முன்பு இருந்தது ஒரே ஒரு அடிதடி வழக்கு. மோக்கா போட பத்து வருடத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகை வேண்டுமே என்றால், அவன் சேர்ந்ததாகச் சொல்லும் கும்பலின் பேரில் இருந்தாலே போதும் என்கிறார்கள். அப்புறம், போலீஸ் துணை கமிஷனர் முன்னால் அவன் கொடுத்ததாகச் சொல்லும் வாக்குமூலம். பொதுவாகப் போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது, மோக்காவில் செல்லும். மராத்தி வாசிக்கத் தெரியாதவன் மராத்தியில் எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். மாஜிஸ்திரேட் முன்னால் உடனே மறுத்தும் இருக்கிறான். தீர்ப்பில் அதற்கு இரண்டே வரி.

மும்பை உயர் நீதிமன்றத்தில் மோக்கா மேல்முறையீடு நடத்திய வக்கீல் யாரையாவது தெரியுமா? தமிழோ இந்தியோ பேசினால் போதும். சிறையில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி உண்டு என்கிறார்கள். அதில் போனவர்கள் அனுபவம் சொல்லுங்கள். தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்கும் மனுவையும் சேர்த்தே போடலாமா? இன்பாக்ஸில் வந்தால் தீர்ப்பு நகல் அனுப்புகிறேன்.