டிராக்டர் லைட்டுக்கு எந்த ஒயர் ஜாயிண்ட் நிலைக்கும்?

மன்னார்குடி பக்கம் விவசாயம், ராத்திரி சேற்றுழவுக்காக டிராக்டர் பின்னால் இரண்டு 55 வாட் ஹாலஜன் லைட் மாட்டினேன். 12 வோல்ட்டில் இரண்டும் சேர்ந்து 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்று ரிலே, 15 ஆம்பியர் ஃபியூஸ் எல்லாம் போட்டாயிற்று, ஜாயிண்ட்தான் நிற்க மாட்டேன் என்கிறது. முறுக்கி டேப் சுற்றியது வெயிலில் பசை இளகிக் கழன்று, உள்ளே செம்பில் பச்சைக் களிம்பு. சரி என்று ஈயம் உருக்கி சால்டர் வைத்தேன், அதிர்வில் ஈயம் முடிகிற இடத்திலேயே ஒயர் ஒடிந்து, பாதி வயலோடு திரும்பினேன் (வீட்டில் விழுந்த பேச்சு தனிக் கதை). இப்போது சூட்டில் சுருங்கும், உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவோடு கிரிம்ப் செய்வதா (உலோகக் குழலில் ஒயரைச் செருகி நசுக்குவது), ரப்பர் சீல் வைத்த, செருகிக் கழற்றும் கப்ளர் போடுவதா? சேற்றுத் தண்ணீரில் ஒரு போகமாவது தாங்கியதைச் சொல்லுங்கள். அப்புறம், நல்ல கிரிம்பிங் பிளையர் தஞ்சாவூரில் எந்தப் பக்கம் கிடைக்கும்?