மறு: ‘விலக்குச் சான்று’ வேண்டாம், ‘செல்லாச் சாட்சியம்’ என்போம்

சட்டக் கலைச்சொல் அகராதிக் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

> போலீஸ் சட்டத்தை மீறிச் சோதனை போட்டோ கைது செய்தோ கிடைத்ததை நீதிமன்றம் கணக்கில் எடுக்காமல் விட்டால், அதற்குத் தமிழில் என்ன பெயர்? ‘விலக்குச் சான்று’ சரியாக வருமா?

தண்டையார்பேட்டையிலிருந்து பாரிமுனைக்குப் போகும் பஸ்ஸில் இதையேதான் யோசித்துக்கொண்டு போனேன். ‘விலக்குச் சான்று’ வராது. வரிவிலக்கு, கட்டண விலக்கு என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது தாலுகா ஆபீசில் வாங்கும் ஒரு சர்டிபிகேட். ‘சான்று’ என்பதே இன்று சாதிச் சான்று, வருமானச் சான்று என்று ஆகிவிட்டது. முதலில் அதை விட்டுச் ‘சாட்சியம்’ என்பதற்கு வருவோம். 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சாட்சியச் சட்டம் என்றே சொல்லிவந்தோம். 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் இருக்கிறது. கோர்ட் வராந்தாவில் பேச்சு இன்னும் சாட்சியம்தான்.

‘ஒதுக்கிய சாட்சியம்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். ஒருவருக்காக எடுத்து வைப்பதையும் ஒதுக்குவது என்கிறோமே. ‘தள்ளுபடி’ ஏற்கெனவே மனுவுக்கும் கடனுக்கும் ஆடி மாத ஜவுளிக்கும் போய்விட்டது.

என் சொல் கிடைத்த இடத்தைச் சொல்கிறேன். காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்துச் சந்து. இரவு இரண்டு மணிக்கு ஓர் அம்மாவின் வீட்டைச் சோதனை போட்டு, மகனையும் கூட்டிப் போய்விட்டார்கள். காலையில் நான் போனபோது அரிசி டிரம் கவிழ்ந்தபடியே கிடந்தது. வலை பின்னும் நைலான் நூல்கண்டு ஒன்று அவிழ்ந்து வாசல்படி வரை ஓடியிருந்தது. வெளியே நின்ற பைக்கின் சீட்டில் பேப்பரை வைத்து மகஜர், அதாவது என்னென்ன எடுத்தோம் என்ற குறிப்பு, எழுதினார்களாம். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரையும் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. நகல் கேட்டதற்கு, ஸ்டேஷனுக்கு வா என்றார்களாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அந்த அம்மா கேட்டார்: “அவங்க எய்திகினு போன பேப்பர் செல்லுமா சார்?”

செல்லுமா! கிழிந்த நோட்டுக்கும், பதிவு செய்யாத பத்திரத்துக்கும், தாத்தா எழுதிய உயிலுக்கும் நம் மக்கள் கேட்பது இந்த ஒரே கேள்விதான். செல்லாக்காசு இருக்கிறது, செல்லாத ஓட்டு இருக்கிறது. செல்லாத ஓட்டைப் பாருங்கள். சீட்டு நிஜம், போட்டவர் நிஜம், யாருக்குப் போட்டார் என்பதுகூடச் சில சமயம் தெரியும். ஆனால் போட்ட முறை தப்பு, எண்ண மாட்டார்கள். நமக்கு வேண்டிய பொருள் அப்படியே இதில் இருக்கிறது. செல்லாக்காசு போலவே ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், எனவே வல்லினம் மிகும்: செல்லாச் சாட்சியம்.

> ‘ஏற்கத்தகாத சாட்சியம்’ இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?

இரண்டும் வேறு. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்று புதிய சாட்சியச் சட்டத்தின் 23-ஆம் பிரிவே சொல்கிறது. போலீஸ் எவ்வளவு மரியாதையாகக் கேட்டு எழுதியிருந்தாலும் அதற்கு உள்ளே வர வழியில்லை. அது ஏற்கத்தகாதது. கைப்பற்றிய கத்தியோ கஞ்சாவோ அப்படி இல்லை. பொருளில் குறை கிடையாது, எடுத்த விதத்தில்தான் குறை. அந்தக் குறைக்காக அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டால்தான் அது செல்லாச் சாட்சியம்.

நம் நாட்டில் அப்படி விடுவது அபூர்வம் என்பதையும் அகராதிக் குறிப்பில் சேர்க்க வேண்டும். வருமான வரிச் சோதனை பற்றிய பூரண் மல் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, சோதனை சட்டவிரோதம் என்பதாலேயே கிடைத்ததைத் தள்ள வேண்டியதில்லை என்றது. 1974 முதல் சட்ட அறிக்கைகளில் இருக்கும் அந்தத் தீர்ப்பை இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள். போதைப்பொருள் சட்டத்தின் 50-ஆம் பிரிவு மட்டும் கொஞ்சம் பலமாக நிற்கிறது. மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் சோதனை போடச் சொல்லிக் கேட்கும் உரிமை உனக்கு உண்டு என்று அந்த ஆளிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் உடம்பில் தேடி எடுத்ததைக் கொண்டு, அது அவரிடம் இருந்தது என்று நிரூபிக்க முடியாது. இது 1999-இல் பல்தேவ் சிங் வழக்கில் வந்தது. அதுவும் சட்டைப் பைக்குத்தான். கையில் தொங்கும் பைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்று 2005-இல் சொல்லிவிட்டார்கள்.

அதனால் அந்த அம்மாவிடம் நான் சொன்ன பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. “தப்பா எடுத்தாங்கன்றதுக்காக மட்டும் செல்லாம போயிடாதும்மா. ஆனா அந்த மகஜரை நம்ப முடியாதுன்னு குறுக்கு விசாரணையில காட்டலாம்.” சாட்சிகள் அந்தப் பகுதிக்காரர்களாக இருக்க வேண்டும், அங்கே யாரும் கிடைக்காவிட்டாலோ வரச் சம்மதிக்காவிட்டாலோதான் வெளியாள். வீட்டுக்காரருக்கு நகல் தர வேண்டும். இவை புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 103-ஆம் பிரிவில் உள்ளவை. சோதனையை வீடியோ எடுக்க வேண்டும் என்று 105-ஆம் பிரிவு புதிதாகச் சேர்த்திருக்கிறது.

அப்புறம், ஆங்கிலத்தில் ‘fruit of the poisonous tree’ என்கிறார்களே, அந்த ‘நச்சு மரத்தின் கனி’. முறைகேடாகப் பிடித்த ஒருவரைப் பேசவைத்து, அவர் சொன்னதை வைத்து இன்னொன்றைத் தேடி எடுத்தால் அதுவும் கெட்டது என்பது கோட்பாடு. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1939-இல் நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர் எழுதிய தொடர் அது. வாரண்ட் என்று ஏதோ ஒரு தாளை ஆட்டிக் காட்டி ஒரு பெண்ணின் வீட்டுக்குள் போலீஸ் நுழைந்த மேப் வழக்கும் அந்த ஊர்தான். 1961-இல் வந்த அந்தத் தீர்ப்புக்குப் பிறகு அங்கே மாநில நீதிமன்றங்களும் இப்படி எடுத்ததைத் தள்ளியாக வேண்டும் என்றானது. சொல்லுக்குச் சொல் பெயர்த்த ‘நச்சு மரத்தின் கனி’ எனக்கு உவப்பாயில்லை. “எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன” என்று நம்மிடமே ஒரு நச்சுமரம் நிற்கிறதே! பழம் ஆரஞ்சு நிறத்தில் உருண்டையாக, பார்க்க அழகாயிருக்கும், வாயில் வைக்க முடியாது. சென்னைப் பிள்ளைகள் எட்டி மரத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். பார்த்திருக்க வேண்டாம், எட்டிக்காயாய்க் கசக்கிறது என்று சொல்லாத வீடு ஏது? ‘எட்டிக்கனிக் கோட்பாடு’ என்று வைப்போம். நம் 23-ஆம் பிரிவின் விதிவிலக்கு இதற்கு நேர் எதிராகப் போகிறது, வாக்குமூலத்தால் தேடிக் கண்டெடுத்ததைப் பற்றிய பகுதியை மட்டும் உள்ளே விடுகிறது. அதையும் குறிப்பில் சேர்க்கலாம்.

மற்றவை சுருக்கமாக. ‘கைது’ அரபிச் சொல்லானாலும் இருக்கட்டும். ‘மகஜர்’ இங்கே நிலைத்துவிட்டது, ஆனால் ஈழத்து நண்பர்களுக்கு அது மனு, எனவே அடைப்புக்குள் ‘கைப்பற்றல் குறிப்பு’ என்று போடலாம். ‘உடல் பரிசோதனை’ மட்டும் கூடாது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 49-ஆம் பிரிவில் போலீஸ் உடம்பில் தேடுவதும் 51-ஆம் பிரிவில் டாக்டர் பார்ப்பதும் ஒரே சொல்லாகிவிடும். முன்னதற்கு ‘உடற்சோதனை’, பின்னதற்கு ‘மருத்துவப் பரிசோதனை’.

பதிவுக்கு என் வரைவு: செல்லாச் சாட்சியம் — பெறப்பட்ட முறை சட்டத்துக்கு மாறாக இருந்ததால் நீதிமன்றம் கணக்கில் கொள்ளாமல் விடும் சாட்சியம். எ-டு: ‘உரிமையைச் சொல்லாமல் நடந்த உடற்சோதனையில் கிடைத்த பொட்டலம் செல்லாச் சாட்சியம் என்று வாதிட்டார்.’

மறுப்பு இருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். முக்கியமாக, ‘செல்லா’ என்பதற்கு வேறு பொருள் வரக்கூடிய வாக்கியம் ஏதாவது தோன்றினால் அதை அப்படியே அனுப்புங்கள்.