முன் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாத்துனதுல ஆக்சில் ஒரு இன்ச் முன்னாடி வந்துருச்சு, ஓட்டை போட்டு இழுக்கலாமா?

டிப்பர்காரன்:
பழைய ஆறு வீல் டிப்பர். முன் பட்டை ஒடிஞ்சு ஒடிஞ்சு வெறுத்துப்போய் பழைய இரும்புக் கடைல வேற மாடல் செட்டு ரெண்டு எடுத்தேன், அகலம் சரி, கண்ணுக்கு கண்ணு (பட்டை முனைல சுருட்டுன வளையம்) நீளமும் சரி, ஆனா முன் கண்ணுல இருந்து சென்டர் போல்ட் (பட்டைகள நடுவுல சேத்துப் பிடிக்கற போல்ட்) வரைக்கும் 25 மில்லி கம்மி. மாட்டுனா ஆக்சில் அவ்ளோ முன்னாடி வருது, முழுசா ஒடிச்சா டயர் பம்பர உரசுது. ஆக்சில்ல பட்டை உக்கார்ற இடத்துல புது ஓட்டை போட்டு பின்னாடி தள்ளிரலாம்ங்கறார் மெக்கானிக். செய்யலாமா?

லேத்து தம்பி:
தாராளமா போடுங்கண்ணே. சென்டர் போல்ட் லோடு தாங்குறதில்ல, ஆக்சில் எங்க உக்காரணும்னு காட்டுறதோட சரி. பட்டையையும் ஆக்சிலையும் சேத்துப் பிடிச்சு நிக்கறது யூ போல்ட்தான்.

பட்டறைவாசி:
தம்பி சொன்னது பாதி சரி. யூ போல்ட் லூசான அன்னிக்கு அந்த சென்டர் போல்ட்தான் வெட்டுப்பட்டு ஆக்சில் ஒருபக்கம் பின்னாடி ஓடும், அதையும் சேத்து சொல்லுங்க. முன் ஆக்சில் ஃபோர்ஜிங் பண்ணுன பீம், பிரேக் அடிச்சா முறுக்கு முழுக்க அந்த இடத்துலதான் வருது. பழைய ஓட்டை பக்கத்துல 25 மில்லி தள்ளி இன்னொன்னு போட்டா நடுவுல விரல் அகலத்துக்கு கூட இரும்பு மிஞ்சாது. இன்னொன்னு, ஆக்சில் பின்னாடி போகணும்னா ஓட்டைய முன்னாடி போடணும். இத யோசிக்காம பின்னாடி போட்டா ஒரு இன்ச் ரெண்டு இன்ச்சாயிரும்.

லேத்து தம்பி:
அப்ப ஆக்சில விடுங்க, பட்டைலயே போட்டுக்கலாம்.

பட்டறைவாசி:
ஹார்டனிங் பண்ணுன ஸ்டீல்ல சாதா டிரில் பிட்டு புகை விடும், இறங்காது. உடனே கேஸ் வச்சு சூடு காட்டுவாங்க, அதோட டெம்பர் போச்சு, அடுத்த லோடுல அங்கயே ஒடியும்.

சங்ககிரி லாரி:
ரெண்டு பேரும் எதுக்கு இப்படி அடிச்சுக்கறீங்க. நாலு மீட்டர் வீல்பேஸ் வண்டிக்கு ஒரு இன்ச்சு ஒரு கணக்கா? ரெண்டு பக்கமும் ஒரே அளவு முன்னாடி வந்திருந்தா அப்படியே விடுங்க, பம்பர் முனைய வெட்டிட்டு புஷ் ராடை (ஸ்டீரிங் பாக்ஸ்ல இருந்து வீலுக்குப் போற ராடு) சரி பண்ணிட்டு ஓட்ட வேண்டியதுதான். வாடகை வர்ற வண்டிய பட்டறைல நிறுத்தி வச்சு ஆராய்ச்சி பண்ண முடியாது.

பட்டறைவாசி:
ஓட்டலாம்தான். ஸ்டீரிங் பாக்ஸ் ஆக்சிலுக்கு முன்னாடி இருக்கற வண்டின்னா புஷ் ராடை அதே ஒரு இன்ச் குறைக்கணும், இல்லேன்னா வீல் நேரா இருக்கறப்ப பாக்ஸ் சென்டர்ல இருக்காது, ஒரு பக்கம் ஒடிப்பு கம்மியாகும். குறைக்க அந்த அளவுக்கு மரை இருக்கான்னு மொதல்ல பாருங்க. பிரேக் ஹோஸ் இழுக்குதா, ஷாக் அப்சார்பர் சாயுதா, அதையும் பாக்கணும். அப்பறம் ஆர்சி புக்குல வீல்பேஸ் போட்டிருக்கு, அத மாத்தக் கூடாதுன்னுதான் மோட்டார் வாகன சட்டம் 52-ம் பிரிவு இருக்கு.

சங்ககிரி லாரி:
எஃப்சி (தகுதிச் சான்று) காட்டறப்ப எவன் டேப்பு வச்சு ஒரு இன்ச்ச அளக்கறான் சாமி 😄

ஊர்சுத்தி:
ஒரு சந்தேகம், பட்டைய முன்ன பின்ன திருப்பி மாட்டிருக்கீங்களோ? ரெண்டு பாதி நீளமும் சமமா இல்லேன்னா இப்படி வரும்.

டிப்பர்காரன்:
இல்லீங்க, ரெண்டாவது பட்டை முன் கண்ண மட்டும்தான் சுத்திருக்கு, எது முன்பக்கம்னு அதுலயே தெரியும், அதனால திருப்பி மாட்டல.

ஊர்சுத்தி:
அப்ப இடைல ஒரு கனமான பிளேட்டு வைங்க, மேல ஓட்டை, கீழ 25 மில்லி தள்ளி ஒரு குமிழு. ஆக்சில்லயும் கை வைக்க வேணாம், பட்டைலயும் வேணாம். யூ போல்ட் மட்டும் நீளமா புதுசு வாங்கணும், பழசு ஒருதடவ இழுபட்டது, திரும்ப போடாதீங்க. யூ போல்ட் மேல் பிளேட்டும் 25 மில்லிக்கு ஏத்த மாதிரி மாத்தணும்.

பட்டறைவாசி:
பிளேட்டு பரவால்ல, ஆனா முன்பக்கம் அந்த கனத்துக்கு ஏறும். என்னைக் கேட்டா ஒடிஞ்ச பழைய மெயின் பட்டை அளவக் குடுத்து மேல ரெண்டு பட்டை மட்டும் புதுசா அடிக்கச் சொல்லுவேன், மிச்சம் இந்த செட்டுலயே ஓடும்.

சங்ககிரி லாரி:
அந்தக் காசுக்கு அவரு புது செட்டே போட்டிருப்பாரு.

டிப்பர்காரன்:
பட்டை கடைல ரெண்டு மெயினும் ரெண்டு ரெண்டாவதும் விலை கேட்டாச்சு, புது செட்டுல பாதிக்கும் கம்மிதான். பட்டறை அண்ணன் சொன்ன வழிலயே போறேன். மாட்டுனதும் முன் கண்ணுல போடுற பின்னுல (pin) இருந்து ஆக்சில் வரைக்கும் அளந்தா போதுமா?

பட்டறைவாசி:
பத்தாது. தூக்குகுண்டு விட்டு தரைல சாக்பீஸ்ல குறிச்சு குறுக்கு அளவும் எடுங்க. ஒருதடவ லோடு ஓட்டிட்டு வந்ததும் யூ போல்ட்ட மறுபடி டைட் பண்ணுங்க.