டிபி மருந்து முடித்து எட்டு மாதம் ஆன பிறகு சிபிநாட்டில் 'ட்ரேஸ்': திரும்ப வந்துவிட்டதா?

தீப்பெட்டி:
அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. டிபிக்கு ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் மாத்திரை சாப்பிட்டார். கடைசியில் சளியில் கிருமி இல்லை என்று மருந்தை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. இப்போது இரண்டு வாரமாக இருமல். காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை. பயந்துபோய் நானே ஒரு லேபில் சளி கொடுத்தேன். டிபி கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் சிபிநாட் அல்ட்ரா டெஸ்ட் ரிப்போர்ட்டில் "எம்டிபி டிடெக்டட், ட்ரேஸ்" (டிபி கிருமி மிகச் சிறிதளவு), கீழே "ரிஃப் இண்டிடர்மினேட்" (ரிஃபாம்பிசின் மருந்து கேட்குமா என்று சொல்ல முடியவில்லை). கவுண்டரில் இருந்த பையன் "திரும்ப வந்துடுச்சு சார், உடனே மாத்திரை ஆரம்பிங்க" என்று வரிசையில் நின்றவர்கள் காதில் விழச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அப்பா பேத்தியைப் பக்கத்தில் விடுவதில்லை. தட்டைக்கூடத் தனியாக வைத்துக்கொள்கிறார். என்ன செய்யட்டும்?

மேலத்தெரு:
இண்டிடர்மினேட் என்றால் மருந்துக்குக் கட்டுப்படாத டிபி. தாமதிக்காதீர்கள்.

சளிடப்பா:
மேலத்தெரு அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள், அது தப்பு. பயமுறுத்தும் தப்பு.

தம்பி, பதினொரு வருடமாக இந்த மெஷின் பக்கத்தில்தான் எனக்கு வேலை. உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். டப்பாவில் வரும் சளியோடு அதைப்போல் இரண்டு மடங்கு ரீஏஜென்ட் ஊற்றி, குலுக்கி, பதினைந்து நிமிடம் வைப்போம். காஸ்டிக் சோடாவும் ஐசோபுரொப்பனாலும் கலந்த திரவம் அது. கயிறு மாதிரி இழுபடும் சளி நீர்த்துப்போகும். எங்களுக்குத் தொற்றாமல் இருக்க, கிருமியும் அதிலேயே ஏறக்குறைய எல்லாம் செத்துவிடும். ஆக, மெஷினில் செருகும் கார்ட்ரிட்ஜுக்குள் போவதே பிணம்தான்! வரும்போது உயிர் இருந்ததா என்று மெஷின் எப்படிச் சொல்லும்?

கார்ட்ரிட்ஜில் ஒரு வடிகட்டி உண்டு. உடைந்து மிதக்கும் டிஎன்ஏவெல்லாம் கழுவிப் போய்விடும், உடையாத கிருமி மட்டும் தங்கும். அதை ஒலி அலையால் உடைத்து, உள்ளே இருக்கும் டிஎன்ஏவை எடுத்து, அதைப் பல மடங்காக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் ஓடும். டிபி கிருமிக்கு மெழுகு பூசிய மாதிரி தடித்த சுவர். செத்தாலும் கூடு சீக்கிரம் குலையாது. நுரையீரல் தழும்பில் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் கிடக்கும். இருமும்போது ஒன்றிரண்டு வெளியே வரும், வடிகட்டியில் சிக்கும், ரிப்போர்ட்டில் ஏறும். சிகிச்சையில் இருப்பவருக்குக் குணமாகிறதா என்று பார்க்க இந்த டெஸ்ட்டைப் பயன்படுத்தக் கூடாது என்பது அதனால்தான்.

அப்புறம் ட்ரேஸ். மைக்ராஸ்கோப்பில் தெரிய ஒரு மில்லி சளியில் சுமார் 10,000 கிருமி வேண்டும். பழைய கார்ட்ரிட்ஜுக்கு நூற்றுச் சொச்சம். 2017இல் வந்த அல்ட்ராவுக்கு 16 போதும். ஐஎஸ்6110, ஐஎஸ்1081 என்ற துண்டுகளையும் அது தேடுகிறது. ஒரே கிருமிக்குள் இவை பெரும்பாலும் பல பிரதிகளாக இருக்கும், சீக்கிரம் சிக்கும். ரிஃபாம்பிசின் கேட்குமா என்று பார்க்கும் ஆர்பிஓபி ஜீன் ஒரே ஒரு பிரதிதான். ட்ரேஸ் என்றால் முதல் வகை அகப்பட்டது, ஆர்பிஓபி அகப்படவில்லை. அதைப் பார்க்கவே முடியாததால் இண்டிடர்மினேட். கட்டுப்படாத டிபி என்று மெஷின் கண்டால்தான் 'ரெசிஸ்டன்ஸ் டிடெக்டட்' என்று வரும்.

திரும்ப வரவே வராது என்று நான் சொல்லவில்லை. சர்க்கரைக்காரர், மருந்து முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எட்டு மாதத்துக்கு முந்தைய எக்ஸ்ரே, இப்போது ஒரு எக்ஸ்ரே, இரண்டையும் மருந்து கொடுத்த டாக்டரிடம் காட்டுங்கள். கல்ச்சர், அதாவது சளியில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட், கேளுங்கள். உயிருள்ள கிருமிதான் அதில் வளரும். 1882இல் டிபி கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோச் செய்ததும் அதுதான், குழாயும் மெஷினும் மாறியிருக்கின்றன, அவ்வளவே. 42 நாள் வளரவில்லை என்றால்தான் நெகட்டிவ் என்று எழுதுவோம். நடுவில் காய்ச்சலோ, சளியில் ரத்தமோ வந்தால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் ஓடுங்கள்.

புளியமரம்:
என் மாமனாருக்கும் இதே கதை. கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. பழைய டிபி விட்டுப்போன தழும்பில் மூச்சுக்குழாய் விரிந்து சளி கட்டியிருந்தது. வேறு மருந்து கொடுத்தார்கள். எல்லோருக்கும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

தீப்பெட்டி:
சளிடப்பா அக்கா, டாக்டரைப் பார்த்துவிட்டோம். எக்ஸ்ரேயில் புதிதாக ஒன்றும் இல்லை, கல்ச்சருக்கு எழுதிக் கொடுத்தார். ஆனால் அப்பாவுக்குச் சளியே வர மாட்டேன் என்கிறது, எச்சில்தான் துப்புகிறார்.

சளிடப்பா:
காலையில் எழுந்ததும், சாப்பிடுவதற்கு முன் எடுக்க வேண்டும். வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்கட்டும், பேஸ்ட் வேண்டாம். மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ தனியாக அனுப்புங்கள். இரண்டு முறை ஆழமாக மூச்சிழுத்து விட்டு, மூன்றாவது மூச்சில் அடிவயிற்றிலிருந்து இருமச் சொல்லுங்கள். நுரையாக வந்தால் எச்சில். கெட்டியாக 3 மில்லியாவது வேண்டும். பெயரை டப்பா மேல் எழுதுங்கள், மூடியில் எழுதாதீர்கள். பத்து டப்பா மூடியைக் கழற்றி வைத்தால் எது யாருடையது என்று எனக்கே தெரியாது.

தீப்பெட்டி:
இன்று காலை கொடுத்துவிட்டோம். டப்பாவில் எழுதினேன். அப்பா மூடியிலும் எழுதிவிட்டார்.